தம்மம்பட்டி வழியாகக் கொல்லிமலைக்கு ஒரு நாள்

"தம்மம்பட்டியா? அது எங்கே இருக்கு?" சென்னையில் யாரிடம் பேசினாலும் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். சேலம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில், ஆத்தூரிலிருந்து துறையூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். தென்மேற்கே கொல்லிமலை, தென்கிழக்கே பச்சைமலை. கொல்லிமலையில் பிறக்கிற சுவேத நதி எங்கள் ஊர் வழியாகக் கெங்கவல்லி, வீரகனூர் பக்கம் போய் வெள்ளாற்றில் சேருகிறது. ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்ல வேண்டும். வருஷத்தில் பல மாதம் அது வெறும் மணல்தான். ஆனால் மலையில் மழை பெய்தால், ஊரில் ஒரு பொட்டுத் தூறல் விழாமலே ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். அதனால் இங்கே காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள் முதலில் பார்ப்பது மலையைத்தான். வடகம் காயப் போடலாமா, வேண்டாமா என்பதை மலைதான் சொல்லும்!

அந்த மலைக்குச் சென்னையிலிருந்து ஒரே நாளில் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? முடியும். சென்ற புரட்டாசியில் என் ஓரகத்தியும் அவள் குடியிருப்பைச் சேர்ந்த எட்டுப் பெண்களும் அப்படித்தான் வந்து போனார்கள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணிலிருந்து அறுபத்து மூன்று வயது மாமி வரை ஒன்பது பேர். ஏற்பாடு முழுவதும் என் தலையில். "அக்கா, நீங்க சொல்ற மாதிரி கேட்டுக்கறோம். வேன் பேசிடுங்க, போதும்" என்றாள் ஓரகத்தி.

"வேன் அப்புறம். முதல்ல ஆள் பேசணும்" என்றேன்.

வண்டிக்கு முன்னால் வழிகாட்டி

மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டி, சாப்பாடு, தங்கும் இடம் இவற்றையெல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில்தான் "அங்கே போய் யாரையாவது கேட்டுக்கலாம்" என்று வழிகாட்டியை நினைப்பார்கள். இது முகூர்த்த நாள் பார்க்காமல் மண்டபம் பிடிப்பது மாதிரி.

2018 மார்ச் 11ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள். சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நன்றாகப் படித்து, வேலை பார்த்து, விடுமுறைக்கு மலையைப் பார்க்க ஆசைப்பட்ட நம் வீட்டுப் பெண்கள் போன்றவர்கள்தான். அந்த வருஷமே தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. பிறகு 2024 அக்டோபரில், வனத்துறை 40 மலைப் பாதைகளை வகுத்து, மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாகப் பழக்கி, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போகும்படி 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த முறையில் போவதுதான் நல்லது.

நாங்கள் போனது காட்டுப் பாதை அல்ல. பஸ் போகிற மலை, படிக்கட்டு போட்ட அருவி. இருந்தாலும் ஆள் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தம்மம்பட்டிச் சந்தைக்கு மிளகும் வாழைத்தாரும் கொண்டு வருகிற ஒரு மலைக்காரர் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அவரைப் பிடித்தேன். "நீங்க வர்றது சரிங்கண்ணா. வர்றது அத்தனையும் பொம்பளைங்க. உங்க வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் தனியாக் கூலி" என்றேன்.

அவருக்கு ஒரே சிரிப்பு. "அவளுக்கென்னங்க தெரியும்?" என்றார். அவளுக்கு என்ன தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையிலிருந்தே "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கூட்டிப் போகிறவர்கள் மூலமாக வருவதானால், பணம் கட்டுவதற்கு முன் நாலு விஷயம் கேளுங்கள். எங்களோடு நடந்து வரப் போகிறவர் யார், அவர் அந்த மலையைச் சேர்ந்தவரா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? யாருக்காவது முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில்? மழை வந்தால் திருப்பிக் கூட்டி வந்துவிடுவீர்களா, அல்லது "காசு கொடுத்தாச்சே" என்று மேலே போவீர்களா? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

நேரக் கணக்கு

மலைப் பிரயாணத்துக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். இருட்டுவதற்கு முன் சமவெளிக்கு வந்துவிட வேண்டும். அதனால் மூன்றரை மணிக்கு மலையிலிருந்து கிளம்ப வேண்டும். அதனால் ஒரு மணிக்குச் சாப்பாடு. அதனால் பன்னிரண்டுக்குள் அருவிப் படியேறி மேலே வந்துவிட வேண்டும். அதனால் காலை ஒன்பதுக்குள் படி இறங்கத் தொடங்க வேண்டும்.

சென்னை எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போகிற இரவு ரயில் ஆத்தூரில் நிற்கிறது. விடியும் முன் ஆத்தூர். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் தம்மம்பட்டி. எங்கள் வீட்டில் பல் விளக்கி, குளித்து, இரண்டிரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். "என்ன அக்கா, விருந்துக்கு வந்தவங்களுக்கு ரெண்டு இட்லியா?" என்று ஓரகத்தி முகத்தைத் தூக்கினாள். மலை வளைவுக்கு வயிறு நிறைய இருக்கவும் கூடாது, காலியாக இருக்கவும் கூடாது.

கொல்லிமலைக்கு எல்லோரும் சொல்கிற வழி நாமக்கல் பக்கத்திலிருந்து காரவள்ளி அடிவாரம் வந்து, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சோளக்காடு போவது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே போக ஆசைதான். ஆனால் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு முப்பதைத் தாண்டும்போதே உலகம் வெறுத்துவிடும். எங்கள் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை உண்டு. அதில் வளைவுகள் குறைவு. அந்த வழியாகத்தான் போனோம்.

வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் வண்டியின் முன்பக்கம் உட்காருங்கள். செல்போனைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பாருங்கள். ஒரு துண்டு சுக்கோ, உப்பு நார்த்தங்காயோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரைமணி முன்பே போட வேண்டும். வயிற்றைப் பிரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

மலையும் மக்களும்

மேலே போனதும் காற்றே வேறு! மலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே காப்பிச் செடி. இடையிடையே பலா, வாழை, அன்னாசி. சாமை, தினை, கேழ்வரகு இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக விளைகிறவை. நெல்லும் மரவள்ளியும் வந்து அவற்றின் நிலம் சுருங்கியபோது, டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள பெண்களோடு சேர்ந்து அந்த விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டது.

இங்குள்ள பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். இருபத்து நான்கு வயதுப் பெண், "கேரளாவா நீங்க?" என்று கேட்டுவிட்டாள். வழிகாட்டி அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "மலையை ஆளறவன் மலையாளிங்க. பேசறது தமிழ்தான். எங்க பாட்டன் பூட்டன் காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க. அண்ணன் தம்பி மூணு பேரு, ஆளுக்கொரு மலைக்குப் போய்ட்டாங்களாம்" என்றார். எங்கள் கூட்டத்தில் அறுபத்து மூன்று வயது மாமிக்குப் பிறந்த ஊர் காஞ்சிபுரம். "அப்போ நீங்க எங்க ஊர்க்காரர்!" என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். அப்புறம் அன்று முழுவதும் இருவருக்கும் ஒரே பேச்சுதான்.

சங்ககாலத்தில் வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடி 17, 18 தேதிகளில் அவன் பெயரால் அரசு விழா நடக்கிறது. அந்த இரண்டு நாளும் கூட்டம் தாங்காது. கைக்குழந்தைக்காரர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்வது நல்லது. அறப்பளீஸ்வரர் கோயில் மிகப் பழமையானது. அம்பலவாணக் கவிராயர் பாடிய 'அறப்பளீசுர சதகம்' இந்தச் சுவாமி மேல்தான். கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், பக்கத்திலேயே ஆகாயகங்கை அருவிக்கு இறங்குகிற படிகள்.

படி இறங்குமுன்

ஆயிரத்துக்கு மேல் படிகள். சில இடங்களில் செங்குத்து. இறங்கும்போது "இவ்வளவுதானா!" என்று இருக்கும், ஏறும்போதுதான் தெரியும். நாங்கள் இறங்க அரைமணிக்கு மேல், ஏற ஒன்றரை மணிக்கு மேல் ஆயிற்று. ஏறுவதில் நெஞ்சுக்கு வேலை. இறங்குவதில் முழங்காலுக்கு வேலை. மூட்டு வலிக்காரர்கள் இறங்கும்போதே கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் காலை வைத்து மெதுவாக இறங்க வேண்டும். இருதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இறங்கவே வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் கடலை மிட்டாயோ பிஸ்கட்டோ இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். தினமும் போடுகிற மாத்திரையை "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று விடக்கூடாது.

காஞ்சிபுரத்து மாமியைப் பார்த்து வழிகாட்டியின் மனைவி, "ஆயா, நீங்க கோயில்லயே உக்காந்துக்குங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மாமிக்கு முகம் சுருங்கியது. "நான் திருமலைக்கே நடந்து போனவ" என்றார். "போயிருப்பீங்க ஆயா. இங்க ஏறும்போது முடியலைன்னா, டோலிகட்டித் தூக்கத்தான் ஆள் தேடணும்." மாமி உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அவருக்குத் துணையாக மேலேயே தங்க, எட்டுப் பேரும் நானும் அந்த அம்மாவோடு இறங்கினோம்.

எந்தத் திருப்பத்தில் பாசி, எங்கே கைப்பிடியில் சாயக்கூடாது, குரங்கு எங்கே உட்கார்ந்திருக்கும், அவசரத்துக்குப் பெண்கள் எங்கே ஒதுங்கலாம் எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கையில் தின்பண்டப் பையோடு வந்த இரண்டு பேரை, "உள்ள வெச்சுக் கட்டுங்கக்கா, இல்லாட்டிக் கொரங்குக்குத்தான்" என்றார். மாதவிலக்கு நாளில் இருந்த ஒரு பெண்ணுக்கு அவர்தான் தைரியம் சொன்னார். மாற்றிய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, தனிப் பையில் போட்டு ஊருக்கே எடுத்து வந்துவிட வேண்டும். மலையில் எங்கும் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. துணிப் பை கொண்டு போங்கள்.

அருவியில் நடந்தது

ஐயாற்றுத் தண்ணீர் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. சாரல் முகத்தில் பட்டதுமே எல்லோருக்கும் பத்து வயது குறைந்துவிட்டது! வானம் வெளுத்துத்தான் இருந்தது. எட்டுப் பேரும் புடைவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். எங்களைத் தவிர இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன.

அந்த அம்மா மட்டும் குளிக்கவில்லை. ஒரு பாறை மேல் நின்று அருவியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் இருக்கும். சட்டென்று, "ஏறுங்கக்கா! எல்லாரும் கரை ஏறுங்க!" என்று குரல் கொடுத்தார்.

"இப்பத்தானே வந்தோம்! அஞ்சு நிமிஷம்!" என்றாள் ஓரகத்தியின் தோழி ஒருத்தி. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து, ஆயிரம் படி இறங்கி, கால் மணியில் ஏறு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? எனக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், "பேசாம ஏறுங்க, அப்புறம் கேக்கலாம்" என்று அதட்டி ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மற்ற இரண்டு குடும்பங்களையும் கூப்பிட்டார். ஒரு தகப்பனார் தயங்கிக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தன. அருவியின் சத்தம் பேச்சை விழுங்கிவிட்டது. நாங்கள் நின்ற பாறைகள், அந்தக் குழந்தையின் செருப்பு கிடந்த இடம், எல்லாம் தண்ணீருக்குள்! எங்கள் தலையில் ஒரு சொட்டு மழை விழவில்லை.

"எப்படிங்க தெரிஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டாள், முதலில் முணுமுணுத்தவள்.

"சத்தம் மாறிச்சுங்க. அப்புறம் பச்சை எலை வந்துச்சு. சருகு வந்தாப் பரவால்ல, எப்பவும் வரும். பச்சை எலையும் மண்ணு வாசமும் வந்தா மேல எங்கியோ பேயுதுன்னு அர்த்தம்."

மேலே காட்டில் பெய்கிற மழை பல ஓடைகளில் சேர்ந்து, ஒரே வாய்க்குள் புகுந்து வருவதால் வெள்ளம் இப்படிப் படீரென்று வருகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் இப்படித் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அருவியில் தண்ணீர் கலங்கினாலும், சத்தம் கூடினாலும், இலை தழை வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். துணிமணி, செல்போன் போனால் போகட்டும். உடனே கரையேறி, பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்.

திரும்பும் வழியில்

மேலே வந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்தே கேனில் கொண்டு போயிருந்தோம். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். மாசிலா அருவிக்கும் போக வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமிதான், "என்னடி, எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார். சீக்குப்பாறையில் நின்று கீழே விரிந்து கிடக்கிற வயல்களைப் பார்த்துவிட்டு, மூன்றரைக்குக் கிளம்பிவிட்டோம்.

பொழுது சாயுமுன் தம்மம்பட்டி. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் எங்களுடையது. வாகை போன்ற நாட்டு மரங்களில் சுவாமி சிலை, யாளி, கோயில் வாகனம், கதவு, நிலை என்று செதுக்குகிறார்கள். உளிச் சத்தம் கேட்கிற பட்டறைகளில் நின்று பார்த்ததில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. மாமி ஓர் உள்ளங்கைப் பிள்ளையார் வாங்கிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். இந்த முறை இட்லியைக் கணக்குப் பார்க்கவில்லை! பிறகு ஆத்தூர், ரயில்.

வழிகாட்டிக்கும் அவர் மனைவிக்கும் கூலியை முன்பே பேசியிருந்தோம்: தோட்ட வேலைக்குப் போனால் அன்று கிடைப்பதைப் போல் இரண்டு மடங்கு, இருவருக்கும் சமமாக. கொடுக்கும்போது பெண்கள் தாங்களாகவே இன்னும் கொஞ்சம் சேர்த்து அந்த அம்மாவின் கையில் வைத்தார்கள். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கி முடிந்துகொண்டார். மிளகும் காப்பிக்கொட்டையும் அவர்களிடமே வாங்கினோம். கடை விலையைவிடக் குறைத்துக் கேட்கவில்லை.

நீங்கள் வருவதானால் மார்கழி, தை நல்ல மாதங்கள். மழை ஓய்ந்து, அருவியில் தண்ணீரும் இருக்கும், காலையில் பனியும் இருக்கும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். மாசி, பங்குனியில் சருகு காய்ந்து காடு நெருப்புக்குக் காத்திருக்கும். அப்போது காட்டுப் பாதைகளில் நடக்கிற எண்ணம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழைச் செய்தி பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று என்பதற்காக யாரும் புறப்பட வேண்டியதில்லை. முதல் நாள் சாயங்காலம் மலையில் உள்ளவருக்கு ஒரு போன் போட்டு, "நாளைக்கு வரலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாங்க" என்று சொன்னால், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அடுத்த வாரத்துக்குப் பாருங்கள்.